ஆறாவது கட்டத்தில் ஒரு சரி

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில், கார் உதிரிப்பாகக் கடைக்கும் கண்ணாடி வெட்டும் பட்டறைக்கும் நடுவில் வேட்டைச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. முன்பக்கத்தில் செம்மஞ்சள் சட்டைகள், பூட்ஸ், மானைக் கூப்பிடும் ஊதுகுழல்கள். பின்பக்கக் கதவைத் திறந்தால் துவக்குகள், அதாவது துப்பாக்கிகள், திருத்தும் அறை. அந்த அறையில் பதினொரு வருடம் வேலை செய்தவர் ஞானாம்பிகை.

ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். வேலை மேசைக்கு முன்னால் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வார். முதல் தடவை வருகிற வேட்டைக்காரர்கள், நெற்றியில் சின்னப் பொட்டோடு எட்டிப் பார்க்கும் அந்த மனுஷியிடம், "திருத்துகிறவர் எங்கே?" என்று கேட்பார்கள். இரண்டாம் தடவை வரும்போது, "மதாம் ஞானா இருக்கிறாரா?" என்று கேட்பார்கள்.

அவர் இந்த வேலைக்கு வந்தது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்தார். கணவர் மகேந்திரராசா ஏற்கெனவே இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஞானாம்பிகை பிரெஞ்சு படித்து முடித்ததும் கடைசல் இயந்திர வேலை பழகும் வகுப்பில் சேர்ந்தார். இருபத்திரண்டு பேரில் அவர் ஒருவர்தான் பெண். விமானச் சக்கரங்களுக்கான பாகங்கள் செய்யும் ஆலையில் பதினான்கு வருடம். ஆலை மூடப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. "இரும்பு வேலை தெரிந்தவர் தேவை" என்ற விளம்பரத்தைப் பார்த்து நேரில் போனபோதுதான் அது துவக்குக் கடை என்பது தெரிந்தது.

துவக்கின் வாயை எதிரே நின்று மட்டும் பார்த்து வளர்ந்தவர் அவர். சோதனைச் சாவடியில் ஒரு தடவை அது அவருடைய கழுத்தில் முட்டியிருக்கிறது. மேசையில் கிடந்ததைத் தொடுவதற்குக் கை வரவில்லை. கடை முதலாளி கிறிஸ்தோப்பர் அதைக் கவனித்தார். ஒன்றும் பேசாமல் ஒரு பழைய றைபிளை எடுத்து, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தார். உள்ளேயிருந்து முழு உருளையும் வெளியே வந்தது. அதுதான் போல்ற். தோட்டாவை உள்ளே தள்ளுவதும், பின்புறத்தை அடைத்துப் பூட்டுவதும், நடுவிலிருக்கும் ஊசியால் தோட்டாவின் அடியைக் குத்திச் சுடுவதும் அதுவே. அந்த உருளையை ஞானாம்பிகையின் கையில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் காட்டிச் சொன்னார்:

"இப்போது இது வெறும் தண்ணீர்க் குழாய். உங்களுக்குப் பயம் வரும் நேரமெல்லாம் இதைக் கழற்றிவிடுங்கள்."

அந்த ஒரு வசனத்துக்காகவே அவர் வேலையில் சேர்ந்தார்.

பிறகு அவருக்கு அந்தப் பழைய போல்ற் றைபிள்களில் ஒரு மரியாதை வந்தது. ஆசை என்று சொல்ல அவர் விரும்பமாட்டார். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தடவை கையால் இயக்கவேண்டும். தானாக அது எதையும் செய்வதில்லை. போல்றைப் பிரித்தால் பாகங்கள் ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும்: உருளை, ஊசி, சுருள்வில், தோட்டாவின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் ஒரு இரும்பு நகம். எழுபது வருடத்துக்கு முன் செய்ததும் நேற்றுச் செய்ததும் ஒரே மாதிரி வேலை செய்யும். மழையில் நனைந்ததை, படகிலிருந்து ஆற்றில் விழுந்ததை, லொறி ஏறி நசுங்கிய மரக்கட்டையோடு வந்ததை எல்லாம் அவர் பார்த்திருக்கிறார். துடைத்து, உலர்த்திப் பூட்டினால் சுடும். பிளாஸ்டிக் கட்டையோடு வருகிற புதியவற்றைப் பார்த்து அவர் எதுவும் சொல்வதில்லை. பழையதை விற்கலாமா என்று யாராவது கேட்டால் மட்டும், "வேண்டாம். இது பிழைக்காது, பழுதாகாது" என்பார். வாடிக்கையாளர்கள் அதைக் கேட்கவே வருவார்கள்.

வெளியே அவர் இதைப் பேசுவதில்லை. கோயிலில் யாராவது கேட்டால் "இரும்பு வேலை" என்பதோடு சரி. வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிற கைதான் மான் சுடுகிற கருவியைச் சுத்தம் செய்கிறது என்பது அவருக்குள் ஒரு சின்னக் குறுகுறுப்பாக எப்போதும் இருந்தது. அதை அவர் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை.

அவருடைய வாடிக்கையாளர்களில் றொக்சன் என்ற பெண் வேறு மாதிரி. ரொக்ஸ்பரோவில் வசிப்பவர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், ஞானாம்பிகையைவிட இரண்டு வயது இளையவர். ஒவ்வொரு ஒக்டோபரிலும் தன் தகப்பனின் றைபிளைக் கொண்டுவருவார். வால்நட் மரக்கட்டை, தகப்பனின் கன்னம் பட்டுப் பட்டு ஒரு பக்கம் வெளிறியிருக்கும். வேலை முடியும்வரை நின்று பேசுவார். பிள்ளைகள் பேருந்தில் செய்யும் குழப்படி, முழங்கால் வலி, அண்ணன் நோர்மானின் பிடிவாதம். வேட்டைக் காலத்தில் அண்ணனும் தங்கையும் மோன்-லோரியேக்கு வடக்கே ஒரு மரக்குடிலில் பத்து நாள் தங்குவார்கள்.

இரண்டாயிரத்து இருபதில் றொக்சனுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. "இரண்டு வருடம் காட்டுக்குப் போகமுடியாது. துருப்பிடிக்காமல் பார்த்துத் தாருங்கள்" என்று றைபிளைக் கொடுத்தார். ஞானாம்பிகை போல்றைப் பிரித்து, உள்ளே சுருள்வில்லிலும் ஊசியிலும் மஞ்சள் நிறத் தடித்த கிறீஸைப் பூசி மூடினார். நீண்ட காலம் வைத்திருப்பதற்கு அது நல்லது. ஆனால் திரும்ப வேட்டைக்குப் போகுமுன் அதை முழுக்கக் கழுவி எடுக்கவேண்டும். குளிரில் அது மெழுகு மாதிரி இறுகிவிடும். ஊசி மெதுவாகப் போய்த் தட்டும். இதை அவரே சீட்டில் எழுதினார். அந்தச் சீட்டு கடையின் பழைய பெட்டியில் கிடந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஒக்டோபரில் றொக்சன் அதே றைபிளோடு மறுபடி வந்தார். மேசையில் ஏற்கெனவே முப்பதுக்கும் மேற்பட்ட துவக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. சீட்டில் ஆறு கட்டங்கள். குழல், தோட்டா அறை, விசை, பாதுகாப்புப் பூட்டு, திருகுகள், போல்றைப் பிரித்துத் துப்புரவு. ஒவ்வொன்றையும் செய்தபின் கட்டத்தில் சரி போட்டு, கீழே கையெழுத்து வைக்கவேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் நான்கரை மணி. ஞானாம்பிகையின் பெறாமகளான சகோதரி மகளின் கலியாணம் சனிக்கிழமை. அவருடைய சேலைச் சட்டையைத் தைக்கிறவர் ஆறு மணிக்குக் கடையைப் பூட்டுவார். றொக்சனின் றைபிளில் ஐந்து வேலைகளையும் ஒழுங்காகச் செய்தார். போல்றைக் கையில் எடுத்தார். பிரிக்காமலே அதைத் துவக்கில் பூட்டி, தோட்டா இல்லாமல் ஒரு தடவை விசையை இழுத்துப் பார்த்தார். அறையின் சூட்டில் கிறீஸ் இளகியிருந்தது. ஊசி நன்றாகத்தான் விழுந்தது. இது பிழைக்காது என்று நினைத்தார். ஆறாவது கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓடினார். சட்டை அளவாக இருந்தது.

நவம்பர் பதினாறாம் திகதி காலை குடிலைச் சுற்றி மைனஸ் பதினான்கு. முந்தின வாரம் வரை மழைதான். அந்த வருடம் குளிர் ஒரே இரவில் இறங்கியது. றொக்சன் மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுபது அடி தூரத்தில் ஒரு கிடாய் மான் வந்து நின்றது. குறிபார்த்து விசையை இழுத்தார். சத்தமில்லை, ஏதோ மெல்லத் தட்டுப்பட்டது மட்டும். துவக்கைக் குறியிலேயே பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். றொக்சன் நாலு எண்ணினார். மான் தலையைத் திருப்பியது. புதுத் தோட்டாவை ஏற்ற அவர் பிடியைத் தூக்கினார். அந்தக் கணத்தில் உள்ளே இருந்த தோட்டா வெடித்தது. அடைப்பு பாதி திறந்திருந்தது. பித்தளைத் துண்டுகள் பின்னால் பறந்து அவருடைய வலது கண்ணிலும் கையிலும் ஏறின. நோர்மான் அவரைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். கண் போய்விட்டது.

கடைக்கு இந்தச் செய்தி ஒரு வாரம் கழித்து வந்தது. ஞானாம்பிகை மரப்பெட்டியிலிருந்து இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முதலில் நினைத்தது சட்டைக் கடையை.

டிசம்பரில் துவக்கு திரும்பி வந்தது. வனவிலங்கு அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, ஆள் உயிரோடு இருப்பதால் குடும்பத்திடமே கொடுத்திருந்தார். காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு அறிக்கை தேவைப்பட்டது. கிறிஸ்தோப்பர் துவக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"உங்களைவிட இதை அறிந்தவர் இல்லை. பார்த்து எழுதுங்கள். தோட்டாக்கள் பழையவையாம். அண்ணன் கொடுத்தாராம், நிலவறையில் ஈரத்தில் கிடந்த பெட்டி. அதுதான் காரணமாக இருக்கும்."

அவர் முன்பக்கத்துக்குப் போய்விட்டார். ஞானாம்பிகை கதவைச் சாத்தினார். நல்ல வேளையாக, போல்றைப் பூட்டிப் பிடிக்கும் பல்லுகள் உடையவில்லை. போல்றைத் துவக்கில் பூட்டி, தோட்டா இல்லாமல் எல்லாவற்றையும் பின்வாசல் படியில் வெளியே வைத்தார். மைனஸ் பதினாறு. மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு போய் அங்கேயே நின்று விசையை இழுத்தார். இறுக்கமான உலோகச் சத்தம் வரவேண்டிய இடத்தில், மாவுக்குள் விரலை வைத்தது போல ஒன்றுதான் வந்தது. மறுபடி இழுத்தார். அதேதான். ஊசி மெதுவாகத் தட்டியிருக்கிறது. தோட்டா உடனே பற்றாமல் கொஞ்சம் தாமதித்துப் பற்றியிருக்கிறது.

உள்ளே கொண்டுவந்து போல்றைப் பிரித்தார். தான் பூசிய மஞ்சள் கிறீஸ். தன் விரல் தடம்கூட அதில் இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

அப்போது அவர் கிறிஸ்தோப்பரைக் கூப்பிட்டிருக்கலாம். முன்பக்கத்தில்தான் நின்றார், பத்து அடி தூரம். ஞானாம்பிகை கிறீஸைக் கழுவும் கரைப்பான் போத்தலை எடுத்தார். சுருள்வில்லைக் கழுவினார், ஊசியைக் கழுவினார், உருளையின் உட்புறத்தைத் துணி சுற்றிய குச்சியால் மூன்று தடவை துடைத்தார். துணியைச் சுருட்டிக் குப்பை வாளியின் அடியில் தள்ளினார். பழைய சீட்டுப் பெட்டியிலிருந்து இருபதாம் ஆண்டுச் சீட்டைத் தேடியெடுத்து மேலங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு எழுதினார்: "பொறிமுறையில் குறையில்லை. ஊசி இயல்பாக இயங்குகிறது. ஈரம்பட்ட பழைய தோட்டா தாமதித்துப் பற்றியிருக்கக்கூடும்." அவருடைய பிரெஞ்சு எழுத்தில் பிழை வருவதுண்டு. அன்று ஒரு பிழையும் வரவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் எல்லாத் துவக்குகளையும் இரண்டு தடவை பிரித்தார். கிறிஸ்தோப்பர் சிரித்தார்: "மதாம் ஞானா, இவை அலமாரிக்குத்தான் போகின்றன, போருக்கல்ல." கோயிலில் ஒரு நாள் அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கும்போது, தன் குடும்பத்தின் பெயர்களை விட்டுவிட்டு, "றொக்சன்" என்றார்.

"நட்சத்திரம்?" என்று கேட்டார் ஐயர்.

"தெரியாது ஐயா."

"ஆர் பிள்ளை இது? மருமகளோ?"

"தெரிஞ்ச ஒரு ஆள்."

"அப்ப பேருக்கே செய்வம்" என்றார் ஐயர். மந்திரத்தின் நடுவில் அந்தப் பெயர் நாலு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஞானாம்பிகை தலையைக் குனிந்துகொண்டார்.

ஏப்ரலில், பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த நாளில், றொக்சன் கடைக்கு வந்தார். வலது கண்ணுக்கு மேல் ஒரு கறுத்த கண்ணாடி. கதவு நிலையில் தோளை மெல்ல இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். பேருந்து ஓட்டும் அனுமதி போய்விட்டது. பள்ளி மதிய இடைவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறார். துவக்கை எடுத்துப்போக வந்திருந்தார்.

"விற்கச் சொல்கிறார்கள்" என்றார் றொக்சன். "நான் விற்கமாட்டேன். உங்கள் அறிக்கையை வாசித்தேன், மதாம் ஞானா. அப்பாவின் துவக்கு என்னை ஏமாற்றவில்லை என்று தெரிந்தது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? நன்றி."

ஞானாம்பிகை துவக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"நோர்மானோடு பேசுவதில்லை. அந்தத் தோட்டா வேண்டாம், புதியது வாங்குவோம் என்று நான் சொன்னேன். நல்ல தோட்டா, அப்பா வாங்கியது என்று திணித்தான். உங்கள் அறிக்கையை அவனுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை. தன்னிடமிருந்த துவக்குகளை எல்லாம் விற்றுவிட்டானாம். இல்-பிசாரில்தான் இருக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம்." கையால் காட்டினார். தூரத்தைக் கணிக்க முடியாத கை, மேசையில் இருந்த திருகு டப்பாவைத் தட்டிவிட்டது. இருவரும் குனிந்து பொறுக்கினார்கள். றொக்சன் திருகு இல்லாத இடத்தில் விரலை வைத்துத் தேடினார்.

அன்று வீட்டுக்குப் போனதும், அடுப்பில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்த கணவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மகேந்திரராசா இப்போது ஓய்வு. வீட்டுச் சமையல் அவருடையதுதான்.

"இஞ்சருங்கோ, அடுப்பை நிப்பாட்டுங்கோ. ஒரு கதை கதைக்கோணும்."

"என்ன? தாளிதம் கருகப்போகுது, சொல்லும்."

"அந்த றொக்சனுக்குக் கண் போனது என்னாலதான்."

மகேந்திரராசா அடுப்பை அணைத்தார். "விசர்க் கதை கதையாதையும். பழைய தோட்டா எண்டல்லோ சொன்னீர்?"

"பொய் எழுதினனான். உள்ளுக்குப் பூசின கிறீஸை நான் கழுவேல்லை. கழுவினது எண்டு சரி போட்டனான். பேந்து துவக்கு திரும்பி வரேக்கை, ஒருத்தருக்கும் காட்டாமல் துடைச்சுப்போட்டன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப விடும். நீர் சொன்னால் கண் திரும்பி வரப்போகுதோ? வேலை போகும். வழக்கும் போடுவினம்."

"அவவின்ர தமையன், தான்தான் தங்கச்சின்ர கண்ணைப் போக்கினது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். நான் எழுதின கடதாசியை வாசிச்சுத்தான் அப்படி நினைக்கிறார்."

மகேந்திரராசா கருகிய வெங்காயத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு, புதிதாக ஒரு வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினார். பாதி வெட்டிவிட்டுக் கேட்டார்: "எப்ப போகப் போறீர்?"

"சனிக்கிழமை."

"நான் காரிலை கொண்டுபோய் விடுறன். உள்ளுக்கு வரமாட்டன்."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரொக்ஸ்பரோவில், புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், றொக்சன் கதவைத் திறந்தார். ஞானாம்பிகை வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. றொக்சன் சந்தோஷப்பட்டார். காப்பி போட்டார். கோப்பைக்குள் விரலை வைத்து மட்டம் பார்த்து ஊற்றினார்.

ஞானாம்பிகை கோப்பையைத் தொடவில்லை. மேலங்கிப் பையிலிருந்து இருபதாம் ஆண்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பிரெஞ்சு வசனங்கள் ஒழுங்கு மாறி வந்தன. கிறீஸ், கலியாணச் சட்டை, ஆறாவது கட்டம், வெளியே வைத்துச் சோதித்தது, துடைத்தது, எழுதியது. எதையும் விடவில்லை.

றொக்சன் இடது கண் தெரியும்படி முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"கழுவ மறந்துவிட்டீர்கள்."

"மறக்கவில்லை. செய்யாமல் விட்டேன்."

"சரி. செய்யாமல் விட்டீர்கள். அது எனக்கு விளங்குகிறது. நானும் ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டிய இடத்தில் நாலு எண்ணினேன்." நிறுத்தினார். "துடைத்தீர்களே, அந்த நாளில் என் கண் போய்விட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்துகொண்டு துடைத்தீர்கள்."

"தெரிந்துகொண்டுதான்."

"பிறகு நான் கடைக்கு வந்து உங்களுக்கு நன்றி சொன்னேன்."

ஞானாம்பிகைக்கு அழுகை வந்தது. அழுதால் இந்த மனுஷி தன்னைத் தேற்ற வேண்டிவரும் என்று நினைத்து, பல்லைக் கடித்து நிறுத்தினார். றொக்சன் எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தெருவில் ஒரு காருக்குள் ஒரு கிழவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அது யார்?"

"என் கணவர்."

"மூன்று பேர் போகலாமா அதில்?"

மகேந்திரராசாவுக்குப் பிரெஞ்சு சமையலறை அளவுக்குத்தான் தெரியும். பின்னிருக்கையில் ஒரு வெள்ளைக்கார மனுஷி ஏறி, "பாலத்தைத் தாண்டி நேரே போங்கள்" என்றதும் மனைவியைப் பார்த்தார். "சொன்னமாதிரி ஓடுங்கோ" என்றார் ஞானாம்பிகை. இல்-பிசார் வரை காருக்குள் வேறு பேச்சு இல்லை.

நோர்மான் தன் வீட்டு வாகனக் கொட்டகையில் பனி தள்ளும் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது, பெரிய உடம்பு. தங்கையைக் கண்டதும் தண்ணீர்க் குழாயை நிறுத்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவருடைய சப்பாத்தின் மேலேயே ஓடியது.

"இவர் சொல்வதைக் கேள்" என்றார் றொக்சன்.

ஞானாம்பிகை இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னார். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது. றொக்சன் கேட்கும்போது கோபம் வந்தது தெரிந்தது. நோர்மான் கேட்கக் கேட்க, அவருடைய முகம் ஒரு குழந்தையின் முகம் மாதிரி மாறிக்கொண்டு வந்தது.

"மறுபடி சொல்லுங்கள்" என்றார். "தோட்டாவைப் பற்றி."

"தோட்டாவில் பிழை இருந்ததாக எனக்குத் தெரியாது. நான் அவற்றைப் பார்க்கவேயில்லை. பார்க்காமல் எழுதினேன். ஊசி மெதுவாகத் தட்டியது. காரணம் நான் பூசிய கிறீஸ்."

"நான் ஒவ்வொரு நாளும்..." என்று தொடங்கினார் நோர்மான். முடிக்கவில்லை. கவிழ்த்திருந்த வாளியில் உட்கார்ந்தார். திடீரென்று எழுந்து, கையிலிருந்த குழாயைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். தண்ணீர் எல்லா இடமும் சிதறியது. காரிலிருந்து மகேந்திரராசா கதவைத் திறந்து இறங்கினார். ஞானாம்பிகை நகரவில்லை. தனக்கு இரண்டு அடி விழுந்தால் நல்லது என்றுகூட அவருக்கு இருந்தது. ஆனால் நோர்மான் அவரைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக் கொண்டு கெட்ட வார்த்தைகளாகச் சொன்னார், தேவாலயச் சாமான்களின் பெயர்களை ஒவ்வொன்றாக இழுத்துத் திட்டும் கியூபெக் வசவு. முடிந்ததும் றொக்சன் போய்க் குழாயை மூடினார்.

"நீ நனைந்துவிட்டாய்" என்றார் அண்ணன்.

"நீயும்தான்."

றொக்சன் திரும்பி ஞானாம்பிகையிடம், "நீங்கள் போகலாம். நான் இங்கே நிற்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஞானாம்பிகை கிறிஸ்தோப்பரிடம் சொன்னார். கையால் எழுதிய திருத்திய அறிக்கையையும் கொடுத்தார். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். கத்தவில்லை.

"டிசம்பரில் என்னைக் கூப்பிட்டிருந்தால், நான் உங்கள் பக்கத்தில் நின்றிருப்பேன்" என்றார். "இது என் கடைக்கும் பெரிய அடி. ஆனால் அது பரவாயில்லை. இனி உங்கள் கையெழுத்தை நான் எப்படி ஒரு துவக்கில் கட்டி வெளியே அனுப்புவது, மதாம் ஞானா?"

ஞானாம்பிகை தன் பொருட்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கடையின் காப்புறுதி றொக்சனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தது. ஞானாம்பிகையை விசாரித்தார்கள், மூன்று தடவை வரச்சொல்லி எழுதி வாங்கினார்கள். வழக்குப் போட றொக்சன் விரும்பவில்லை என்று அறிந்தார். ஏன் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

இப்போது லாவாலில் கதவுப் பிணைச்சல்கள் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்கிறார். பிணைச்சல் பிழைத்தால் கதவு தொங்கும், அவ்வளவுதான். ஆனாலும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளக்கிறார் என்று அங்கே முறைப்பாடு. கோயிலில் யாராவது கேட்டால், "முந்தித் துவக்குத் திருத்தினனான். என்ர பிழையாலை ஒரு ஆளுக்குக் கண் போச்சு" என்கிறார். கேட்டவர்கள் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றுவார்கள். மகேந்திரராசா ஒரு தடவை கோபித்தார்: "எல்லாருக்கும் ஏன் சொல்லித் திரியிறீர்?" அவர் நிறுத்தவில்லை.

இரண்டாயிரத்து இருபத்துநாலு ஒக்டோபரில், ஒரு ஞாயிறு மத்தியானம், றொக்சன் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒன்றரை வருடமாகப் பேச்சு இருக்கவில்லை.

"நோர்மான் அப்பாவின் துவக்கை எடுத்துப் போகப்போகிறான். நான் குடிலில் சமைக்க மட்டும் போகிறேன். அதற்குமுன் போல்றைப் பிரித்துக் கழுவவேண்டும். நீங்கள் வருகிறீர்களா?"

"வேறு நல்ல கடைகள் இருக்கின்றன, றொக்சன்."

"தெரியும். நான் உங்களை நம்பவில்லை. அதனால்தான் பக்கத்தில் இருந்து பார்க்கப்போகிறேன். அந்த நகம், அந்த ஊசி எல்லாவற்றையும் உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. வருகிறீர்களா, இல்லையா?"

ஞானாம்பிகை போனார். றொக்சனின் சமையலறை மேசையில் ஒரு பழைய துவாயை விரித்து, போல்றைப் பிரித்தார். நோர்மான் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றார். றொக்சன் நாற்காலியை இழுத்து, இடது கண் மேசைக்கு நேராக வரும்படி உட்கார்ந்தார். ஒவ்வொரு பாகத்தையும் ஞானாம்பிகை கழுவியதும் அவர் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் துவாயில் வைத்தார். ஒரு தடவை சுருள்வில்லைத் திருப்பிக் கொடுத்தார்: "இந்த மூலையில் வழுக்குகிறது." ஞானாம்பிகை மறுபடி கழுவினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.  

பூட்டி முடித்ததும் றொக்சன் துவக்கைத் தூக்கி, போல்றை முன்னும் பின்னும் நாலு தடவை இயக்கினார். அது எண்ணெய் பூசாமலே வழுக்கிக்கொண்டு ஓடியது.

"காட்டுக்குப் போனதும் முதல்நாள் விடிய, தோட்டா போடாமல் வெளியே ஒரு மணி நேரம் வைத்து இழுத்துப் பாருங்கள்" என்றார் ஞானாம்பிகை, நோர்மானிடம். "நான் செய்தேன் என்பதற்காகப் பார்க்காமல் விடவேண்டாம்."

நோர்மான் தலையாட்டினார்.

காப்பி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. துவாயை மடித்து, கரைப்பான் மணக்கும் துணிகளைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். வாசலில் குனிந்து சப்பாத்தை மாட்டும்போது றொக்சன் பின்னால் வந்து நின்றார்.

"அடுத்த வருடமும் வரவேண்டும்" என்றார். குரலில் நட்பு இல்லை.

"வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஞானாம்பிகை பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பேருந்து வர நாற்பது நிமிடம் ஆனது. கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். விரல்கள் இன்னும் கரைப்பானில் குளிர்ந்திருந்தன.